வாஷ்பேசினில் துளையைப் பார்க்காதீர்கள், குழாயடியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கருந்துளை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2019 ஏப்ரலில் உலகமெல்லாம் வெளியானதே, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள அந்த ஆரஞ்சு வளையம், அதை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. அதற்குக் கீழே ஒரு வரி: "வாஷ்பேசின் துளையில் தண்ணீர் சுழன்று இறங்குவதுபோல, சுற்றியிருக்கும் வாயு கருந்துளைக்குள் சுழன்று விழுகிறது." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது. ஓய்வுபெற்றவன் எழுதும் கடிதம் வேறு எப்படி இருக்கும்?

நான் வானியல் படித்தவன் அல்ல. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, 1978-ல் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து, 2014-ல் வெளியே வந்தவன். 36 வருட வேலையில் பெரும்பகுதி தாமிரபரணிக் கால்களிலும் (கால்வாயைத்தான் நாங்கள் கால் என்போம்) அவை போய் நிரப்பும் குளங்களிலும் கழிந்தது. ஷட்டர், மதகு, மடை, கலிங்கு இவைதான் என் சரக்கு. கருந்துளை பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்றால், தண்ணீர் எப்படி ஓடும், எப்படி ஓடாது என்று எனக்குத் தெரியும். மீதியைப் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன்.

பேத்தி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். போன வருடம் வானியற்பியலை விருப்பப் பாடமாக எடுத்தாள். முதல் வகுப்பில் ஆய்லரின் சமன்பாடு, இரண்டாவதில் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு (இரண்டும் தண்ணீரும் வாயுவும் ஓடுவதற்கான கணக்கு), மூன்றாவதில் "இனி இதை விண்மீனுக்குப் பொருத்துவோம்". அத்தோடு பாடம் ஓடத் தொடங்கிவிட்டது, பிள்ளைகள் கரையில் நின்றுவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை விடுதியிலிருந்து ஊருக்கு வந்தவள், நோட்டைத் திண்ணையில் போட்டுவிட்டு, "தாத்தா, கணக்கெல்லாம் போட வருது. ஆனா என்னது ஓடுது, எங்க ஓடுதுன்னே தெரிய மாட்டேங்கு" என்றாள். "ஏட்டி, எனக்கு ஓடுதது தெரியும், கணக்குதான் தெரியாது" என்றேன். அன்றைக்கே கூட்டுச் சேர்ந்தோம்.

முதலில் உங்கள் வாஷ்பேசின் வரி.

துளையை நோக்கிச் சுழன்று வரும் தண்ணீரைக் கவனியுங்கள். துளையிலிருந்து நான்கு விரல் தள்ளி எவ்வளவு வேகமோ, இரண்டு விரல் தள்ளி ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. தூரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரே எண். கோண உந்தம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். அதாவது தண்ணீர் தன் சுழற்சிச் சொத்தை யாருக்கும் கொடுக்காமல், மடியில் கட்டிக்கொண்டே துளைவரை வந்துவிடலாம். பின்னால் நிற்கும் தண்ணீரின் மட்டம் அதைத் தள்ளுகிறது, கீழே வழி திறந்திருக்கிறது. பேசினின் தரையை ஒட்டிய மெல்லிய தண்ணீர் உரசலில் சுழற்சியை இழந்து, நேரே துளைக்கு வழுக்கிப் போகிறது. எல்லாம் சுலபம்.

கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுக்கு இந்த வசதி ஒன்றுமே கிடையாது. தரை இல்லை, சுவர் இல்லை, மெல்லிய தட்டில் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தமும் பேர் சொல்லும்படி இல்லை. ஈர்ப்பு இருக்கிறது, சுழற்சி இருக்கிறது, இரண்டும் சமமாக நிற்கின்றன. நம் கோள்களையே பாருங்கள். புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, பூமி 30, நெப்டியூன் 5 சொச்சம். சூரியன் இடைவிடாமல் இழுக்கிறது. அதற்காக 450 கோடி வருடமாகப் பூமி உள்ளே விழுந்துவிட்டதா? நான்கு மடங்கு தூரத்தில் வேகம் பாதியாகிறது, பெருக்கிப் பார்த்தால் சொத்து இரண்டு மடங்கு. ஆகவே வெளிவட்டத்திலிருந்து அதில் கால்பங்கு தூரத்துக்கு வர வேண்டுமானால் தன் சொத்தில் பாதியை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர முடியும். யாருக்கு, எப்படி என்பதுதான் கேள்வி. வாஷ்பேசின் என்று சொன்னதும் அந்தக் கேள்வியே வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. உவமை பொருந்தாதது கூடப் பெரிதில்லை. கேள்வியை அது விழுங்கிவிடுவதுதான் என் வருத்தம்.

பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் உரசி, உள்ளே இருப்பது வெளியே இருப்பதற்குக் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கலாம். ஆனால் வாயுவின் சொந்தப் பாகுநிலையை, அதாவது அடுக்கோடு அடுக்கு உரசும் தன்மையை, வைத்துக் கணக்குப் போட்டால், அண்டத்தின் வயதே போதாது என்று வருகிறது. 1973-ல் ஷாகுரா, சுன்யாயெவ் என்ற இரண்டு சோவியத் வானியற்பியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உள்ளே கொந்தளிப்பு இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறதோ தெரியாது, அதை ஆல்ஃபா என்ற ஒரே எழுத்தில் அடைத்து மேலே போவோம் என்றார்கள். பேத்திக்கு இது பிடிக்கவில்லை. "இது ஏமாத்து இல்லையா தாத்தா?" எனக்கோ பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. மண் காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிட நாங்கள் மேனிங் சூத்திரம் போடுவோம். அதில் 'என்' என்று ஓர் எண். சுத்தமான மண் காலுக்கு 0.025 சுமார், வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு 0.013. காலின் அடியில் ஒவ்வொரு கல்லும் புல்லும் தண்ணீரை என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குள் போட்டு மூடிவிட்டு, வயலுக்குத் தண்ணீர் கொண்டு சேர்த்தோம். வானத்துக்கும் ஒரு மேனிங் எண் உண்டு என்று அறிந்த நாளில்தான் எனக்கு இந்தப் பாடத்தின்மேல் உரிமை வந்தது.

ஆல்ஃபாவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு 1991-ல் பால்பஸ், ஹாலி என்ற இரண்டு வானியற்பியலாளர்கள் காட்டிய விடை காந்தப்புலம். மிகவும் பலவீனமானது போதும். இதைப் பேத்திக்குப் புரியவைக்க எனக்குக் களத்து மாடுகள்தான் உதவின. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் களத்தில் பிணையல் அடிப்பார்கள். வரிசையாக மாடுகளைக் கழுத்தோடு கழுத்துப் பிணைத்துக் கதிரின்மேல் சுற்றவிடுவது. உள்ளே கிழட்டு மாடு, அது நின்ற இடத்திலேயே சுற்றினால் போதும். வெளியே இளங்காளை, அதுதான் ஓட வேண்டும். வாயுத் தட்டில் இது தலைகீழ். உள்மாடு பறக்கிறது, வெளிமாடு அசைந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் போல நீளும் ஒரு கயிறு, அதுதான் காந்தப்புலம். முந்தி ஓடும் உள்மாட்டைக் கயிறு பின்னால் இழுக்கிறது, பிந்தி வரும் வெளிமாட்டை முன்னால் இழுக்கிறது. களமாக இருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. பின்னால் இழுபட்ட உள்மாடு சொத்தை இழக்கிறது, இழந்ததும் இன்னும் உள்வட்டத்துக்கு இறங்குகிறது, உள்வட்டம் வேகமான வட்டம் என்பதால் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. வெளிமாடு சொத்து ஏறி, வெளியே விலகி, இன்னும் மெதுவாகிறது. கயிறு மேலும் நீள்கிறது, மேலும் இழுக்கிறது. சேர்த்து வைக்கக் கட்டிய கயிறே பிரித்து வைக்கிறது. இந்தக் கலவரத்தில்தான் வாயு உள்ளே போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கணக்கு 1991-க்கு 30 வருடம் முன்பே போடப்பட்டுவிட்டது. 1959-ல் ரஷ்யாவில் வெலிகோவ், 1960-ல் சிகாகோவில் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன எஸ். சந்திரசேகர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை, நடுவே மின்சாரம் கடத்தும் பாய்மம் (ஓடும் திரவமோ வாயுவோ), அதில் காந்தப்புலம் என்று வைத்து, எப்போது குலையும் என்று எழுதிவைத்தார்கள். கணக்கு ஓர் அறையிலும் வானத்துத் தட்டு இன்னோர் அறையிலும் இருந்தன. நடுக்கதவைத் திறக்க ஒரு தலைமுறை ஆயிற்று. என் பேத்தியின் வகுப்பிலும் இதே மூடிய கதவுதான்.

இனி, வாஷ்பேசினை முழுக்கத் தள்ளிவிடுவது என் நோக்கம் அல்ல. துளையை விட்டுவிட்டு, குழாயடியைப் பாருங்கள் என்கிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்துக் குழாயைத் திறந்தோம். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி மெல்லிய, சலனமில்லாத ஒரு வட்டம். உள்ளங்கை அகலத்தில் சட்டென்று தண்ணீர் தடித்து, ஒரு வரப்பு. வரப்புக்கு வெளியே தடித்த, மெதுவான, தளும்பும் தண்ணீர். பேத்தியின் கையில் ஒரு ஊக்கைக் கொடுத்து, வரப்புக்கு வெளியே நுனியால் தொடச் சொன்னேன். சின்ன அலைகள் எல்லாப் பக்கமும் போயின, நடுவை நோக்கியும் போயின. பிறகு வரப்புக்கு உள்ளே தொடச் சொன்னேன். ஊக்கின் பின்னால் அம்பு முனை போல ஒரு கோடு விழுந்ததே தவிர, முன்பக்கம் ஒரு சலனமும் இல்லை. ஓடும் வேகம் அலையின் வேகத்தை மிஞ்சிவிட்ட இடம் அது. கீழே நடக்கும் சேதி மேலே போகாது.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து அவள் ஆச்சி, "தண்ணிய அடைங்களேன்" என்று சத்தம் போட்டாள். பிறகு பேத்தி கேட்டாள்: "தாத்தா, அப்போ ஓட்ட வேகத்த அலை வேகத்தால வகுத்தா ஒங்க ஃப்ரூட் எண். ஒலி வேகத்தால வகுத்தா எங்க மேக் எண். அவ்வளவுதானா?" அவ்வளவுதான். பெயர்தான் வேறு. வாயுவில் சேதி கொண்டுபோகும் அலை ஒலி. இந்த வரப்புக்கு வாயுவில் பெயர் அதிர்ச்சியலை.

அடுத்து அவளே ஒன்று செய்தாள், நான் சொல்லாமலே. தொட்டியின் துளையைக் கரித்துணியால் அடைத்தாள். வெளியே தண்ணீர் மட்டம் ஏற ஏற, வரப்பு நடுவை நோக்கிச் சுருங்கியது. துணியை எடுத்ததும் மறுபடி விரிந்தது. அவள் வகுப்பில் எழுதிவைத்திருந்த ஒரு பத்திக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரு காற்று வீசுகிறது. பூமி இருக்கும் தூரத்தில் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர், ஒலியைவிடப் பல மடங்கு வேகம். போகப் போக விரிந்து மெலிகிறது. விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் வாயுவின் அழுத்தத்தை ஓரிடத்தில் அதனால் தாங்க முடிவதில்லை. அங்கே வரப்பு. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 94 மடங்கு தொலைவில், 2004 டிசம்பரில் வாயேஜர்-1 விண்கலம் அதைக் கடந்தது. வாயேஜர்-2 வேறு திசையில் 84 மடங்கு தொலைவில், 2007 ஆகஸ்ட் கடைசியில் கடந்தது. அதுவும் ஒருமுறை அல்ல. எல்லையே முன்னும் பின்னும் அலைந்ததால் பலமுறை கடந்தது. எங்கள் தாம்பாளத்து வரப்பும் ஓரிடத்தில் நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

இந்த வரப்பை நான் முதன்முதலில் கற்றது எந்த வகுப்பிலும் அல்ல, ஒரு தவறு செய்து கற்றேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பிசான நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும் நேரம். கால் ஒன்றில், மட்டம் இறங்கும் இடத்தில் ஒரு டிராப். அதற்குக் கீழே மண் அரிக்காமலிருக்கக் கான்கிரீட் தளம். கடைமடைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று, சாயங்காலத்தில் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் லஸ்கர் (மதகையும் காலையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஐயா, தண்ணி எந்திரிக்குத எடம் தளத்தத் தாண்டிப் போயிருச்சு. காலையில கர இருக்காது." நான் கேட்கவில்லை. வேகமாக விழும் தண்ணீர் தளத்துக்குள்ளேயே எழுந்து, குமுறி, வேகத்தைத் தொலைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கீழ்ப்பக்கம் போதிய தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்து கிடந்த காலில் கீழ்த்தண்ணீர் ஏது? எழும் இடம் தளத்தைத் தாண்டி மண்ணில் போய் நின்றது. விடிந்தபோது ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி, இடது கரையில் பத்தடி காணோம். மூன்று நாள் மணல் மூட்டை அடுக்கினோம். ஷட்டரைப் படிப்படியாகத் திறந்திருந்தால் கீழ்த்தண்ணீர் ஏறி, அந்த வரப்பைத் தளத்துக்கு இழுத்து வந்திருக்கும். கரித்துணியால் பேத்தி செய்தது அதைத்தான்.

"தண்ணி எந்திரிக்குத எடம்" என்ற அந்தச் சொல்லுக்கு ஈடான சொல்லை நான் பிறகு படித்த எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. பேத்தியின் நோட்டிலும் அதிர்ச்சியலை என்ற தலைப்புக்குப் பக்கத்தில் இப்போது அதுதான் எழுதியிருக்கிறது.

சூரியக் காற்றின் எழும் இடம் சரி, அது முதலில் ஒலியை மிஞ்சுவது எப்படி? இதற்கு எங்கள் குளத்துக் கலிங்கு, அதாவது நிரம்பிய குளத்தின் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டு, போதும். மறுகால் போகும் நாளில் கலிங்கின் மேல் நின்று பாருங்கள். குளத்துப் பக்கம் தண்ணீர் மெதுவாக வருகிறது. உச்சியில், ஓடும் வேகமும் அலையின் வேகமும் சரிசமம். தாண்டியதும் அலையை மிஞ்சிய ஓட்டம். மெதுவும் வேகமும் கைமாறும் இடம் அந்த உச்சி ஒன்றுதான். ராக்கெட் இஞ்சின் நாசிலும் இதே தர்மம். குறுகிவந்து, கழுத்தில் ஒலி வேகத்தைத் தொட்டு, அதற்கப்புறம் விரிய விரிய வேகம் கூடும். ஸ்வீடன்காரர் டி லாவால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவிச் சுழலிக்காகச் செய்த வடிவம். எங்கள் பணகுடிக்குப் பக்கத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் இஞ்சின் சோதனைக்கூடம் இருக்கும் மகேந்திரகிரி. இஞ்சின் சோதனை நாளில் இரைச்சல் மாடிவரை கேட்கும். அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, நாசில் என்றால் என்ன என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

1958-ல் சிகாகோவில் யூஜின் பார்க்கர் என்ற இயற்பியலாளர், சூரியனுக்கும் இப்படி ஒரு கழுத்து உண்டு என்று எழுதினார். பேத்தி இங்கே என்னை மடக்கினாள். "தாத்தா, ஒங்க கலிங்குல தண்ணி கீழ விழுது. சூரியக் காத்து மேலல்லா ஏறுது?" நியாயமான கேள்வி. எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, அவள் சமன்பாட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்லித்தான் பிடிபட்டது. சூரியனைச் சுற்றியுள்ள வாயு 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடானது. அந்தச் சூடுதான் தள்ளுகிறது. வெளியே போகப் போக இடம் விரிகிறது, அது நாசிலின் விரியும் பக்கம். ஈர்ப்போ இழுத்துப் பிடிக்கிறது, அது குழாயைக் குறுக்குவதற்குச் சமம். சூரியனுக்கு அருகில் ஈர்ப்பின் கை ஓங்கியிருக்கிறது, தள்ளிப் போனால் விரிவின் கை ஓங்குகிறது. இரண்டும் சமமாகும் இடமே கழுத்து. உலோகத்தில் கடைந்த கழுத்து அல்ல, ஈர்ப்பு போட்ட கழுத்து.

பார்க்கரின் அந்த ஆய்வுக் கட்டுரையை இதழுக்காக மதிப்பிட்ட இரண்டு நிபுணர்களும் வேண்டாம் என்றார்கள். அந்த வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்தவர் அதே சந்திரசேகர். அவருக்கே அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நிபுணர்கள் கணக்கில் ஒரு தவறும் காட்டவில்லை என்பதால் அச்சுக்குக் கொடுத்தார். ஆசிரியர் என்ற முறையில் இது தங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பின்னால் சேம்பர்லைன் என்பவர், காற்றெல்லாம் இல்லை, ஒலியைத் தாண்டாத மெல்லிய தென்றல்தான் என்று வாதாடினார். கலிங்குக்காரனுக்கு இது விளங்கும். கீழ்ப்பக்கம் தண்ணீர் உயர்ந்து நின்றால் கலிங்கு மூழ்கிவிடும், உச்சியில் கைமாறல் நடக்காது, தண்ணீர் மெல்ல நழுவிப் போகும். அதுதான் தென்றல். சூரியனுக்குக் கீழ்த்தண்ணீர் என்பது விண்மீன்களுக்கு நடுவிலுள்ள அழுத்தம், அது மூழ்கடிக்கப் போதாது. 1962-ல் வெள்ளிக் கோளுக்குப் போன மேரினர்-2 விண்கலம் வழியெல்லாம் அளந்து, காற்றுதான் என்று சொல்லிவிட்டது. இப்போது நம் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அதே காற்றை அளக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் பக்கத்துச் செங்கோட்டைக்காரர். அதைத் தூக்கிப்போன பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் இஞ்சின், மகேந்திரகிரியில் சோதனை ஆகும் ரகம். ஒரு நாசில் போய் இன்னொரு நாசிலின் காற்றை அளக்கிறது.

எல்லா உவமைக்கும் எல்லை உண்டு, என்னுடையதற்கும்தான். தாம்பாளத்து மெல்லிய தண்ணீரில் பரப்பு இழுவிசைக்கும் பங்கு உண்டு. அது எவ்வளவு என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு அறிஞர்களுக்குள் சண்டையே நடந்தது. கால்வாயில் அந்தச் சந்தேகம் இல்லை. மேலும் ஆழமில்லாத தண்ணீர் நடந்துகொள்வது ஒரு குறிப்பிட்ட வகை வாயுவைப் போலத்தானே தவிர, எல்லா வாயுவையும் போல அல்ல. காந்தப்புலம் தண்ணீரில் ஒட்டாது. இருந்தும் பெரியவர்கள் தண்ணீரை விட்டுவிடவில்லை. பிரான்சில் சாக்லேயில் ஃபோக்லிசோவும் கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வெடிக்கப் போகும் விண்மீனின் நடுப்பகுதியில் அதிர்ச்சியலை நின்று தள்ளாடுகிறதே, அதைத் தண்ணீரில் செய்தார்கள். வட்டத் தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் நடுவை நோக்கிப் பாய்கிறது, வழியில் எழுந்து ஒரு வரப்பாகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த வரப்பு தானாகவே இங்கும் அங்கும் ஊசலாடி, பிறகு ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறது. விண்மீனைவிட 10 லட்சம் மடங்கு சிறியது, 100 மடங்கு மெதுவானது. கண்ணால் பார்க்கலாம்.

இனி என் வேண்டுகோள்கள். உங்கள் கட்டுரையில் 'திரவ இயக்கவியல்' என்று போட்டிருக்கிறீர்கள். திரவம் என்றதும் வாசகர் சூரியனுக்குள் தண்ணீரைத் தேடுவார். வாயுவும் திரவமும் சேர்ந்ததற்குப் பாய்மம் என்று பதினொன்றாம் வகுப்புப் பாடநூலிலேயே நல்ல சொல் இருக்கிறது. அந்தப் பாடநூலோடு இயற்பியல் மாணவருக்குப் பாய்மம் முடிந்தும் போகிறது என்பது வேறு வருத்தம். பரப்பு இழுவிசை, பாகுநிலை, பெர்னோலி, ரெனால்ட்ஸ் எண், அதோடு சரி. பிறகு எம்.எஸ்சி.யில் திடீரென்று விண்மீன். நடுவிலுள்ள படிகள் எல்லாம் சிவில் துறையில் கிடக்கின்றன. பொறியியல் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் ஹைட்ராலிக்ஸ் லேப் என்று ஒன்று உண்டு. கண்ணாடிச் சுவர் வைத்த நீண்ட தொட்டி, கடைசியில் ஒரு தகட்டை ஏற்றி இறக்கினால் எழும் இடம் முன்னும் பின்னும் நகரும். பத்து நிமிட வேலை. பேத்தியின் தோழிகள் நான்கு பேரை அப்படி ஒரு லேபுக்கு அழைத்துப் போக முயன்றேன். இயற்பியல்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று வாசலிலேயே கேட்டார்கள். கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். கடிதம் கொண்டுபோனோம். துறைத் தலைவர் விடுப்பு என்றார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி, நான் கரையை உடைத்த அதே டிராப்புக்கே கூட்டிப் போனேன். கார் நெல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, எழும் இடத்துக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி என்று குச்சியை நட்டு, அலை எந்தப் பக்கம் போகிறது என்று படம் வரைந்தார்கள். ஒருத்தி, ஓட்டம் மாறும் இடத்தில் ஆழத்தை அளந்து, சமன்பாட்டில் போட்டு, பாய்ச்சலின் அளவைக் கணக்கிட்டாள். லஸ்கரின் பதிவேட்டில் இருந்ததற்குப் பக்கத்தில் வந்தது. பதிவேட்டை நம்பலாமா என்று அவள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக் கட்டுரைக்குத் திருத்தம் போடுவீர்களோ மாட்டீர்களோ, இந்தக் கடிதத்தைப் போட்டால் நீளம் கருதி எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மேனிங் எண் போகட்டும், மாடுகள்கூடப் போகட்டும். 'தண்ணி எந்திரிக்குத எடம்' என்பதை மட்டும் உங்கள் பிழைதிருத்துநர் 'நீர் எழும் இடம்' என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னவர் இப்போது இல்லை. அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.